பழைய இரும்பு சேர்ப்போர் வாகனத்திற்கு முன் வாங்க வேண்டியவை

"பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம், பழுதடைந்த பற்றரி" என்னும் ஒலிபெருக்கிக் குரல் இன்று வன்னியின் எந்த ஒழுங்கைக்கும் புதியதன்று. முன்னர் சைக்கிள் கரியரில் உரப்பையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இப்போது லான்ட்மாஸ்டரிலும் பட்டா வாகனத்திலும் வருகின்றனர். வயல் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் கையில் காசு புழங்கச் செய்யும் தொழில்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. பெரிய முதல் தேவையில்லை, படிப்புத் தேவையில்லை, எவரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று நம் இளைஞர்கள் எண்ணுகின்றனர். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஓரளவு உண்மை. இரண்டாவது உண்மையன்று. இத்தொழிலுக்குப் படிப்பு வேண்டும். அது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத படிப்பு என்பதுதான் வேறுபாடு.

சில காலத்திற்கு முன் ஓர் இளைஞர் கடிதம் ஒன்று கேட்டு நம்மிடம் வந்தார். பழைய பட்டா ஒன்றைத் தவணைக் கடனில் எடுக்கப் போகிறார். கடன் தருபவர்களுக்கு நம்முடைய சிபாரிசு வேண்டுமாம். "தம்பி, தராசு இருக்கோ?" என்று கேட்டோம். இல்லை. "காந்தம்?" இல்லை. "கையுறை, சப்பாத்து?" அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் பிறகு வாங்கலாம் பாதர். முதல்ல வாகனம் நிக்கவேணுமே" என்றார்.

இந்த வரிசைதான் பலரை வீழ்த்துகிறது. தவணைப் பணம் மாதந்தோறும் தவறாமல் வரும். பழைய இரும்பு அப்படி வராது. மாரி காலத்தில் ஒழுங்கைகள் சேறாகும். சில மாதங்களில் கொழும்பு விலை இறங்கும். ஒரு கிராமத்தைச் சுற்றி முடித்தால் மறுபடி அங்கே பொருள் சேரப் பல மாதமாகும். தவணையைக் கட்டியே ஆகவேண்டியவர் எதையும் ஏற்றுவார், எவரிடமும் வாங்குவார், எவ்வளவு பாரமும் போடுவார். இத்தொழிலில் நேர்கின்ற கைச்சேதம், உயிர்ச்சேதம், பொலிஸ் வழக்கு ஆகியவற்றுட் பலவற்றின் பின்னால் இந்த அவசரம் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே சிறிய கருவிகளிலிருந்து தொடங்கி, வாகனத்தைக் கடைசியில் கவனிப்போம்.

காந்தமும் அரமும்

பழைய இரும்பு வியாபாரத்தின் இலாபம் இரும்பில் இல்லை. இரும்பு நிறைக்காக ஏற்றப்படுவது. இலாபம் இரும்போடு கலந்து வரும் செம்பிலும் பித்தளையிலும் அலுமினியத்திலும் இருக்கிறது. கிலோ விலையில் செம்பு இரும்பைவிடப் பல மடங்கு பெறும். இவற்றைப் பிரித்தறியாதவர் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே பெரிய வியாபாரியிடம் கொட்டிவிட்டு வருவார். வியாபாரி பின்வளவில் ஆளை இருத்திப் பிரித்தெடுப்பார்.

பிரித்தறிய முதற் கருவி காந்தம். பழுதான ஒலிபெருக்கியைக் கழற்றினால் நல்ல வட்டக் காந்தம் ஒன்று கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதை நைலோன் கயிற்றில் கட்டி இடுப்பிலோ வாகனத்தின் பக்கப் பலகையிலோ தொங்கவிடலாம். ஒட்டினால் இரும்பு அல்லது உருக்கு. ஒட்டாவிட்டால் அடுத்த சோதனை. வெள்ளிபோல் மினுங்கும் பழைய தண்ணீர்க் குழாய்த் தலைப்புகள் பல, மேலே குறோமியம் பூசிய பித்தளை. காந்தம் ஒட்டாத பளபளப்பான பாத்திரங்கள் பெரும்பாலும் கறை படியாத உருக்கு. அதற்குத் தனி விலை உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அதை அலுமினியத்தோடு போட்டால் நட்டம் நமக்குத்தான். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். ஒரே பருமனில் அலுமினியத்தின் நிறை இரும்பின் மூன்றில் ஒரு பங்கு அளவே.

இரண்டாவது கருவி அரம். பொருளின் ஒரு மூலையில் இரண்டு இழுப்பு இழுத்தால் மேற்பூச்சு விலகி உள்நிறம் தெரியும். சிவப்பாயின் செம்பு, மஞ்சளாயின் பித்தளை, வெண்மையாயும் மிருதுவாயும் இருந்தால் அலுமினியம், அழுக்குச் சாம்பல் நிறத்தில் நகக்கீறல் படுமாயின் ஈயம். வாகன ரேடியேற்றர்களை அரம் போடாமல் வாங்கவே கூடாது. பழையவை செம்பும் பித்தளையுமாக இருக்கும்; புதியவை பெரும்பாலும் அலுமினியம், பக்கங்களில் பிளாஸ்ரிக்.

பிரித்தறிந்தபின் துப்புரவாக்க வேண்டும். அலுமினிய யன்னற் சட்டத்தில் நான்கு இரும்பு ஆணி இருந்தால் வாங்குபவர் முழுச் சட்டத்தையும் கழிவு விலைக்குத் தள்ளுவார். அந்த ஆணிகளைக் கழற்றப் பத்து நிமிடம் போதும். மழை நாட்களில் வீட்டுத் திண்ணையில் இருந்து செய்யத்தக்க வேலை இது. மின் வயர்களை எரித்துச் செம்பெடுக்கும் வழக்கத்தை மட்டும் நாம் வன்மையாக எதிர்க்கிறோம். எரிகின்ற உறையிலிருந்து எழும் கரும்புகையில் நெஞ்சை அரிக்கும் அமில வாயுவும் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டு. அந்தப் புகை அயல்வீட்டுத் தொட்டிற் குழந்தையையும் தேடிப்போகும். வியாபாரக் கணக்குப்படி பார்த்தாலும் எரித்த செம்பு கறுத்துப் போவதால் விலை குறையும். ஒரு பலகையில் கூரான பிளேட் ஒன்றைச் சரிவாக இறுக்கி, அதன்கீழ் வயரைச் செலுத்தி இழுத்தால் உறை இரண்டாகப் பிளந்து வரும். மெல்லிய வயர்களில் இது சரிவராது. அவற்றை உறையோடு விற்பதே மேல்.

கைக் கருவிகள்

மிகுதிக் கருவிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நம் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டாலே சொல்வார். நல்ல அலவாங்கு ஒன்று, ஐந்து கிலோச் சம்மட்டி ஒன்று, சிறு சுத்தியல், குளிர் உளி, இரும்பு வாளும் கைவசம் பத்துப் பிளேட்டும், வளைய ஸ்பனர் தொகுதி, குழாய்க் குறடு, நீளப்பிடி உள்ள வெட்டுக்குறடு. துருப்பிடித்த நட்டுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து முதல்நாள் மாலையே பூசிவைத்தால் மறுநாள் பாதி வேலை முடிந்திருக்கும். எவ்வளவு நல்ல ஸ்பனரை வாங்கினாலும் பொறுமையில்லாதவர் கையில் நட்டின் விளிம்பு மழுங்கித்தான் போகும்.

ஒட்சிசன் வெட்டுக்கருவியைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். பயிற்சியில்லாதவர் அதைத் தொடக்கூடாது. ஒட்சிசன் வால்வில் ஒரு சொட்டு எண்ணெயோ கிறீசோ பட்டாலே தீப்பற்றலாம். பெற்றோல், டீசல், தின்னர் இருந்த பீப்பாயை வெறுமையாயிற்று என்று எண்ணிச் சுடரால் வெட்டுவோர் உண்டு. உள்ளே எஞ்சியிருக்கும் ஆவி வெடிமருந்துக்குச் சமம். கிறைண்டரின் தீப்பொறியும் அதற்குப் போதும்.

உடலுக்கு வேண்டியவற்றைக் கருவி என்று எவரும் எண்ணுவதில்லை. தோற் கையுறை, விரல் மூடிய தடித்த சப்பாத்து, சம்மட்டி அடிக்கும்போது கண்ணாடி ஆகிய மூன்றும் இல்லாமல் வேலைக்கு இறங்கலாகாது. இரப்பர்ச் செருப்போடு தகரக் குவியலில் ஏறுவோரை நாள்தோறும் காண்கிறோம். ஏற்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டறிவது நன்று. ஒரு ரூபாயும் செலவில்லை.

தொடக்கூடாதவை

இனிச் சொல்லப்போவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம் என்றாலும் பிழையில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மண்ணுக்குள் கிடப்பவற்றுக்கு அது தெரியாது. 2002 போர்நிறுத்த காலம் தொட்டே கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வடக்கில் பணியாற்றி வருகின்றன. இலங்கை 2017 டிசெம்பரில் ஒட்டாவா சாசனத்தில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்திற்குள் கண்ணிவெடிகளை அகற்றி முடிக்கவேண்டிய கடப்பாடு உண்டு. எனினும் எறிகணைகளும் கைக்குண்டுகளும் வெடிக்காத வேறு பொருட்களும் வேலியோரத்திலும் காட்டுக்கரையிலும் கிணறு வெட்டும்போதும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் விறகு பொறுக்குபவர், மாடு மேய்ப்பவர், அல்லது பழைய இரும்பு சேர்ப்பவர்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். "எறிகணையை எனக்குத் தெரியாதா?" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். முழு உருவத்தில் இருப்பதை அவர்களுக்குத் தெரியும், உண்மை. துருவேறி, மண் அப்பி, வால் உடைந்து, சாக்கிரோட்டுக் குழாயா, உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகமா என்று சொல்லமுடியாமல் இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அதன் உள்ளே செம்பு இருக்கும், பித்தளை இருக்கும் என்ற எண்ணம் சம்மட்டியை எடுக்கச் செய்கிறது. பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த மருந்து வலுவிழந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. சில வகைகள் காலம் செல்லச் செல்லத் தொடுவதற்கே அஞ்சத்தக்கனவாக மாறுகின்றன.

எனவே விதி ஒன்றுதான். இன்னதென்று பெயர் சொல்ல முடியாத துருப்பிடித்த பொருளைத் தூக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், வாகனத்தில் எறியவும் வேண்டாம். கண்ட இடத்தில் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, தூரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ (119) சொல்லவேண்டும். வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளையும் நாம் வாங்கவேண்டாம் என்றே சொல்வோம். அவை பெறுமதியானவை என்பது மெய். ஆனால் கோதுக்குக் காசு கிடைக்கும் என்று ஒரு சிறுவன் கண்டுகொண்டால், அடுத்த நாள் அவன் கோது தேடிக் காட்டுக்குள் போவான். பிள்ளைகள் கொண்டுவரும் எந்த உலோகத்தையும் வாங்காதிருப்பதை வழக்கமாக்கிக்கொண்ட ஒரு வியாபாரியை நாம் அறிவோம். "தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கு நட்டம் வரத்தான் செய்கிறது.

பொருளைக் கண்டவரோடு ஆபத்து முடிவதில்லை. கண்டவர் தட்டாமல் விற்றுவிட்டால், வாங்கியவரின் வளவில், அல்லது உருக்கும் உலையடியில் யாரோ ஒருவர் அதைத் தட்டுவார். 2010இல் தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்தது வேறு வகையான எச்சரிக்கை. ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற ஆய்வுகூட இயந்திரத்தினுள் கோபால்ற்று 60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அதை வெட்டிப் பிரித்தவர்கள் நோயுற்று, ஒருவர் இறந்தார். ஆஸ்பத்திரி, ஆய்வுகூடச் சாதனங்களில் பாரமான ஈயப் பெட்டியோ, மஞ்சள் நிறத்தில் மூன்று விசிறி இதழ் போன்ற குறியோ தென்பட்டால் விலகிக்கொள்ள வேண்டும்.

நாள்தோறும் வருகின்ற பற்றரியும் குளிர்சாதனப் பெட்டியும் இவ்வளவு பயங்கரமானவையல்ல. ஆனாலும் கவனம் வேண்டும். பற்றரியை நிமிர்த்தி, பிளாஸ்ரிக் தட்டில் வைத்து ஏற்றவேண்டும். நிறையைக் குறைக்க அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றுவதும், உடைத்து ஈயத்தை வீட்டில் உருக்குவதும் கூடவே கூடாது. ஈயத்தூள் சாரத்திலும் தலைமயிரிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். குளித்து உடுப்பு மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். அமிலம் சிந்தினால் முதலில் நிறையத் தண்ணீர். தட்டில் சிந்தியதற்கு அப்பச்சோடா. குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டி வாயுவை வெளியேற்றவும் வேண்டாம். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றும் வாயு.

வாகனம்

இப்போது வாகனத்துக்கு வரலாம். முதற் கேள்வி, எது என்பதன்று. எவ்வளவு பாரம் என்பதே. இரும்பு கண்ணை ஏமாற்றும் சுமை. சிறிய பட்டாவின் தட்டு ஏறக்குறைய 2 மீற்றர் நீளமும் 1.4 மீற்றர் அகலமும் உடையது எனக் கொள்வோம். ஓரப்பலகை 30 சென்ரிமீற்றர். ஒரு கன மீற்றர் இரும்பின் நிறை ஏறக்குறைய 7.8 தொன். ஆகவே அந்தத் தட்டை இடைவெளியின்றி இரும்பால் நிரப்பினால் 6.5 தொன் வரும்! எவரும் அப்படி அடுக்குவதில்லை. ஆனால் ஆறில் ஒரு பங்கு இடத்தை மட்டும் இரும்பு பிடித்து, மிகுதி காற்றாக இருந்தாலும் ஒரு தொன்னைத் தாண்டிவிடும். தட்டு பாதியும் நிறையவில்லை என்று கண் சொல்லும்போதே வாகனத்தின் வில்லுத்தகடு கவிழ்ந்திருக்கும். தயாரிப்பாளரின் தகட்டில் உள்ள பார அளவைப் பார்த்து, அதைத் தட்டின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதிவைப்பது நல்லது. ஓரப்பலகையை உயர்த்திக் கட்டுபவர்கள் அலுமினியப் பேணிக்கும் தகரத்துக்கும் மட்டுமே அந்த உயரத்தைப் பயன்படுத்த வேண்டும்.

தட்டின் அடியில் பழைய தடித்த பலகையோ ரப்பர் விரிப்போ போட்டால் இரும்பு வழுக்காது. சாரதியின் முதுகுப்புறத்தில் இரும்புக் குழாயும் வலையும் கொண்ட வலுவான முன்தடுப்பு கட்டாயம் வேண்டும். சடுதியாகப் பிறேக் போட்டால் வாகனம் நிற்கும், சுமை நிற்காது. நாலடிக் குழாய் ஒன்று கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வருவதற்கு அதிக வேகம் தேவையில்லை. பாரமானவை அடியில், அச்சுக்குச் சற்று முன்னே, இலேசானவை மேலே. செம்பும் பித்தளையும் பூட்டுள்ள மரப்பெட்டியில். எல்லாவற்றுக்கும் மேலே வலையோ தறப்பாளோ இறுக்கிக் கட்டவேண்டும். பறந்து போன தகரத்துண்டு பின்னால் வரும் மோட்டர் சைக்கிள்காரரின் கழுத்தைத் தேடும். வெளியே நீட்டும் கம்பிக்குப் பகலில் சிவப்புத் துணி, இருளில் சிவப்பு விளக்கு.

பாரம் ஏற்ற இரண்டு மூன்று மீற்றர்ப் பலகைகளும் நாலைந்து குழாய்த் துண்டுகளும் இருந்தால் செயின் புளொக் இல்லாமலே அதிகம் செய்யலாம். தட்டின் உயரம் 70 சென்ரிமீற்றர் என்றால், மூன்று மீற்றர்ப் பலகையில் 200 கிலோ எஞ்சினை உருளையின்மீது தள்ளிக்கொண்டு போக, அதன் நிறையில் நாலில் ஒரு பங்களவு விசை போதும். கீழே நின்று தள்ளுபவருக்குப் பின்னால் ஒருபோதும் ஆள் நிற்கக்கூடாது. மேலிருந்து கயிற்றை ஒரு தூணில் சுற்றிப் பிடித்திருப்பவர் அவசியம்.

லான்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு இரண்டு தனிக் குறிப்புகள். அதன் பெட்டி ஒற்றை அச்சில் நிற்பது. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் கொழுவியை மேலே தூக்கும். சில்லுகள் பிடிப்பிழந்து திசை மாற்ற முடியாமற் போகும். ஆகவே பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். அடுத்தது குளக்கட்டு இறக்கம். சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியின் பாரம் இயந்திரத்தைத் தள்ளும்போதோ, எஞ்சின் வலச்சில்லை மட்டும் பிடித்து நிறுத்த, விடுபட்ட இடச்சில்லு ஓடும். வண்டி வலப்பக்கம் திரும்பும்! வயலுக்கு வெறும் பெட்டியோடு போய்ப் பழகியவர் ஒரு தொன் இரும்போடு கட்டிலிருந்து இறங்கும்போது பழக்கத்தின்படி கிளச்சைப் பிடித்து, பெட்டியோடு குளத்துக்குள் போவதற்கு இதுவே காரணம். இறக்கத்திற்கு முன் சிறு கியரில் போட்டு, பெட்டியின் பிறேக்கைப் பாவித்து, கிளச்சைத் தொடாமல் கைபிடியால் திருப்பி இறங்கவேண்டும். பின்புறத்தில் ஒளிதெறிக்கும் தகடுகள் இல்லாமல் இருட்டில் வீதிக்கு வரும் பெட்டிகளைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒரு மரண வீட்டையாவது அறிவார்கள்.

கொப்பியும் தராசும்

ஒரு கொப்பியும் வேண்டும். திகதி, விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பொருள், நிறை, கொடுத்த பணம். களவுப் பொருளை அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம். அறியாமல் வாங்கினேன் என்பதற்கு இந்தக் கொப்பிதான் சாட்சி. தண்டவாளத் துண்டுகளைக் கண்டால் விலகுங்கள். வடக்குப் பாதையில் 1990இல் ரயில் நின்ற பின்னர் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. யாழ்ப்பாணத்துக்கு ரயில் மீண்டது 2014 ஒக்ரோபரில். பதுங்குகுழியில் இருந்து எடுத்ததாயினும் அது அரசாங்கச் சொத்து. வாய்க்கால் கதவின் திருகாணி, மின்சாரக் கம்பி, வீதிக்குழி மூடி ஆகியனவும் அப்படியே. குத்துவிளக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவரும் இளைஞனிடம் வீட்டார் யார் என்று கேட்க வேண்டியது கடமை.

அந்தத் தம்பிக்கு நாம் அன்று கடிதம் கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார். பிறகு அயலவர் ஒருவரின் லான்ட்மாஸ்டரை நாட்கூலிக்கு எடுத்து ஒரு சிறுபோகக் காலம் முழுவதும் ஓடினார் என்று அறிந்தோம். அடுத்த முறை வந்தபோது கொப்பியைக் கொண்டுவந்தார். எந்த மாதம் எவ்வளவு, எந்த மாதம் ஒன்றுமில்லை என்பது அதில் இருந்தது. தவணை எவ்வளவு தாங்கலாம் என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்தே இருவரும் கணக்கிட்டோம். அவர் முதலில் கேட்டிருந்ததிலும் சிறிய தொகைக்கே கடிதம் எழுதினோம்.

அவரிடம் அப்போது முத்திரையிட்ட தொங்குதராசு ஒன்று இருந்தது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். இடையில் தராசு பிழைக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு வழி கண்டிருந்தார். பிரிக்காத 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்றை, கடைக்காரரின் அனுமதியோடு, மாதம் ஒருமுறை கொழுவிப் பார்ப்பாராம். விற்க வருபவர்கள் முன்னிலையிலேயே அதைச் செய்கிறார் என்றும், அந்த ஒழுங்கையில் பெண்கள் இப்போது வேறு வாகனத்துக்குப் பொருளைக் கொடுப்பதில்லை என்றும் கடைக்காரர் நமக்குச் சொன்னார்.